வீடு முழுக்கப் பாட்டு... அம்மா கூப்பிட்டது கேட்கலை!

'நாடி பிடிச்சு வாதம், பித்தம், கபம் சொல்ற சித்த வைத்தியர், ஸ்பீக்கரைப் பத்தி எழுத வந்துட்டாரே'னு பார்க்கறீங்களா? காதும் உடம்பில் ஓர் உறுப்புதானே! கண்ணுக்கு இமை இருக்கிறது, வாய்க்கு உதடு இருக்கிறது. காதுக்குக் கதவு கிடையாது. நாம் தூங்கும்போதும் அது திறந்தேதான் கிடக்கும். அதற்கு நாம்தான் காவல் இருக்கணும்.

அந்தக் காவலில் நானே கோட்டை விட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீடு. பழைய வீடு, பின்கட்டு வரை நீளமாகப் போகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளையடித்து, ரிப்பேர் வேலை பார்த்தோம். அப்போது மகன் வந்து, "அப்பா, ரூமுக்கு ஒரு ஸ்பீக்கர் வெச்சிடலாம். போன்ல ஒரு தட்டு தட்டினா வீடு முழுக்க ஒரே பாட்டு ஓடும்" என்றான். எனக்கும் பாட்டு என்றால் உயிர். "சரிய்யா, செய்" என்றேன்.

ஹால், சமையலறை, பூஜை அறை, மூன்று படுக்கையறை, பின்கட்டு என்று மொத்தம் ஏழு ஸ்பீக்கர். வயர் கிடையாது, எல்லாம் வை-ஃபை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போனில் ஒரு பெயர் கொடுத்தான். பிறகு ஏழையும் சேர்த்து 'எல்லா அறையும்' என்று ஒரு குரூப் போட்டான். காலை ஐந்தரைக்குத் தானாகவே சாமி பாட்டு ஆரம்பிக்கும்படி ப்ரோக்ராமும் செய்து வைத்தான். ஹாலிலிருந்து சமையலறைக்கு நடந்தால் பாட்டில் ஒரு வரிகூட விட்டுப்போகாது. வந்தவர்களிடமெல்லாம் நானே பெருமையாகப் போட்டுக் காட்டினேன்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரன், பேத்தி எல்லாரும் வந்திருந்தார்கள். 'எல்லா அறையும்' குரூப்பில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் மிக்ஸி சத்தம், ஹாலில் பிள்ளைகள் ஆட்டம். அதையெல்லாம் மீறிக் கேட்கணும் என்று யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். குரூப் அல்லவா... ஹாலில் கூட்டினால் பின்கட்டிலும் கூடிவிடும். அங்கே பாத்ரூம் வாசலுக்கு நேர் மேலே ஒரு ஸ்பீக்கர்.

அம்மாவுக்கு அப்போது 81 வயசு. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். கூப்பிட்டிருக்கிறார். கதவைத் தட்டியிருக்கிறார். ஒருத்தர் காதிலும் விழவில்லை. "இலை போட்டாச்சு, ஆச்சி எங்கே?" என்று என் மனைவி தேடிக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது. அதற்குள் இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. எக்ஸ்ரே எடுத்து, எலும்பு டாக்டரிடம் மாவுக்கட்டுப் போட்டோம். நல்லபடியாகக் கூடிவிட்டது. ஆனால் ஆட்டோவில் போகும்போது அம்மா சொன்னது இன்னும் என் மனசில் கிடக்கிறது. "எய்யா, நான் கத்தினேன்யா. எனக்கே என் சத்தம் கேக்கலை..."

அன்று ராத்திரி வீட்டில் பெரிய பஞ்சாயத்து. "எல்லாத்தையும் கழட்டிப் போடு" என்றாள் என் மனைவி. "மெஷினைத் திட்டாதீங்கம்மா. நாம சொன்னதைத்தான் அது செஞ்சுது" என்றான் மகன். கடைசியில் தீர்ப்புச் சொன்னது அம்மாதான்! "எதுக்குக் கழட்டணும்? என் ரூம்ல மெதுவாப் பாடுனா எனக்குப் பொழுது போகுது. பின்கட்டுல பாட்டு எதுக்குல? அங்க யாரு கச்சேரி கேக்கா?"

யோசித்துப் பார்த்தால் மகன் சொன்னதும் சரி, அம்மா சொன்னதும் சரி. கருவி மேல் குற்றமில்லை. எங்கே வைக்கலாம், எவ்வளவு சத்தம் வைக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. எங்கே வைக்கக்கூடாது என்பதை முடிவு செய்யாமல் எத்தனை வாங்கலாம் என்று கணக்குப் போட்டோம். இன்று புது வீடு கட்டுகிறவர்கள் பலர் இதே தப்பைச் செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

காதுக்கு என்ன ஆகிறது?

எங்கள் சித்த மருத்துவத்தில் ஐம்பூதங்களில் ஆகாயத்தின் கூறு செவி. உடம்பின் 14 வேகங்களில் தூக்கமும் ஒன்று. வருகிற தூக்கத்தை அடக்கினால் நோய் வரும் என்று கல்லூரியில் முதலிலேயே படித்துவிடுவோம். சத்தம் வைத்துத் தூக்கத்தைக் கெடுப்பதும் அடக்குவது மாதிரிதான். நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே வழிகாட்டியிருக்கிறது. மெல்லக் கிசுகிசுக்கிற அளவுதான் அது. 'பாட்டுக் கேட்டால்தான் தூக்கம் வருது' என்பவர்கள் கேட்டுக்கொண்டே படுக்கலாம். தூங்கின பிறகும் விடிய விடிய அது எதற்காக ஓடணும்?

உள்காதில் நத்தைக் கூடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு. அதற்குள் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள். சத்தத்தை மூளைக்குச் சொல்லும் வேலையைத் தொடங்கி வைப்பவை அவைதான். அதிக சத்தத்தில் அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் 80 டெசிபலுக்குள், குழந்தைகள் 75 டெசிபலுக்குள் இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான் தாங்கும். ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

என்னிடம் வருகிறவர்கள், "காது மந்தமா இருக்கு டாக்டர், ஏதாவது தைலம் ஊத்தலாமா?" என்று கேட்பார்கள். தயவுசெய்து நீங்களாக எதையும் காதில் ஊற்றாதீர்கள். சத்தத்தால் செத்த செல்லுக்கு உயிர் கொடுக்க என்னிடம் லேகியமும் இல்லை, தைலமும் இல்லை. வருமுன் காப்பதுதான் ஒரே வழி.

வயசானவர்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. முதுமையில் முதலில் குறைவது கீச்சென்ற மெல்லிய ஒலிகளைக் கேட்கும் திறன். பின்னணியில் பாட்டு ஓடினால், எதிரில் இருப்பவர் பேசுவது அவர்களுக்கு வெறும் முணுமுணுப்பாகத்தான் விழும். நாம் 'பாட்டி காதுல வாங்கறதே இல்லை' என்று அலுத்துக்கொள்கிறோம். பாட்டியோ பேசுவதையே குறைத்துக்கொள்கிறார். பேச்சுக் கற்கிற சின்னக் குழந்தைக்கும் இதே நிலைதான். சத்தத்துக்கு நடுவில் புது வார்த்தையைப் பிரித்து எடுக்க அதற்குச் சிரமம்.

நல்லதும் உண்டு

முறையாக அமைத்தால் இந்த ஏற்பாடு காதுக்கு நல்லதே செய்யும். ஹாலில் ஒரே ஒரு பெட்டி இருந்தால், சமையலறைக்குக் கேட்கணும் என்று அதை அலற விடுவோம். ஹாலில் உட்கார்ந்திருப்பவர் காது என்ன ஆவது? சமையலறைக்கென்று தனியாக ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தால் இரண்டுமே மெதுவாகப் பாடினால் போதும். இதன் உண்மையான லாபம் அதுதான். நாங்கள் அந்த லாபத்தைத் தொலைத்துவிட்டு ஏழு இடத்தில் அலற விட்டோம்.

இப்போது எங்கள் வீட்டில் எப்படி மாற்றினோம் என்று சொல்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

* பாத்ரூம் பக்கம் ஸ்பீக்கரே இல்லை. பின்கட்டில் இருந்ததைக் கழற்றி எடுத்தோம். பதிலுக்கு பாத்ரூமுக்குள், தரையில் விழுந்தாலும் கை எட்டுகிற உயரத்தில், பேட்டரியில் இயங்கும் அழைப்பு மணியின் பட்டனை ஒட்டினோம். மணி ஹாலில் அடிக்கும். ஸ்பீக்கருக்கு ஆன செலவில் இது தூசு!

* ஓர் அறை முழுக்க அமைதிக்கு. பூஜை அறையிலும் எடுத்துவிட்டோம். படிக்கவோ, சும்மா உட்காரவோ வீட்டில் ஓர் இடம் வேண்டாமா?

* 'எல்லா அறையும்' குரூப்பை அழித்தோம். ஹாலும் சமையலறையும் மட்டும் ஒரு குரூப். அம்மா அறை தனி. அதன் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அம்மா இஷ்டம்.

* அதிகபட்ச வால்யூமுக்குப் பூட்டு. பல கருவிகளில் இந்த வசதி இருக்கிறது. வாங்கும்போதே கேளுங்கள். செல்போனில் டெசிபல் அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போட்டு ஒவ்வொரு அறையிலும் அளந்து பாருங்கள். அது துல்லியமாக இல்லாவிட்டாலும் கூடுதலா, குறைவா என்று தெரிந்துவிடும்.

* ராத்திரி ஒன்பதரைக்குத் தானாக நிற்கிறது. படுக்கையறையில் கேட்கிறவர்களுக்கு அரை மணி நேர டைமர். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் எல்லை என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. எங்கள் காலை ஐந்தரைப் பாட்டையும் ஆறரைக்குத் தள்ளிவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் எங்களைவிட சந்தோஷம்!

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வயர் இழுக்கிற முறை என்றால், பூச்சு வேலைக்கு முன்பே பைப் பதித்துவிடுங்கள். ஒவ்வொரு அறை வயரும் ஆம்ப்ளிஃபயர் இருக்கும் இடத்துக்குத் தனித்தனியாக வரட்டும். எட்டு ஓம் ஸ்பீக்கர் நான்கை ஒரே இணைப்பில் பேரலலாகச் சேர்த்தால் இரண்டு ஓம் ஆகிவிடும். அதைத் தாங்காத ஆம்ப்ளிஃபயர் சூடாகிக் கெட்டுப்போகும். வை-ஃபை முறை என்றால், எல்லா ஸ்பீக்கரும் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குகிற வகையாக இருக்கட்டும். ஆளுக்கொரு வகை வாங்கினால் ஓர் அறைப் பாட்டு அரை நொடி முந்தும், இன்னோர் அறையில் பிந்தும். தலைவலிக்கு வேறு காரணமே வேண்டாம். ரூட்டரை வீட்டின் நடுவில் வையுங்கள். கனமான சுவர்கள் அலையைத் தடுக்கும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. சங்கீதம் மட்டும் விதிவிலக்கா என்ன?

உங்கள் வீட்டில் இன்று சாயந்திரமே ஒரு சோதனை செய்து பாருங்கள். வழக்கமாகப் போடுகிற சத்தத்தில் பாட்டைப் போடுங்கள். வீட்டின் கடைசி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டுப் பெரியவர்களால் எவ்வளவு குரல் எழுப்ப முடியுமோ அந்த அளவுக்கு மட்டும் கூப்பிடுங்கள். ஹாலில் இருப்பவர் எழுந்து வந்தால் கவலையில்லை. வராவிட்டால், வால்யூமைக் குறைத்துவிட்டு மறுபடியும் கூப்பிடுங்கள். அவர் எழுந்து வருகிற அளவுதான் உங்கள் வீட்டுக்கு ஏற்ற அளவு. அதிலேயே பூட்டிவிடுங்கள்.