உறைநிலை கடந்தும் உறையா நீர்

நீர் 0 பாகை செல்சியஸில் உறையும் என்பது நாம் அனைவரும் பள்ளிப் பருவத்திலேயே நெட்டுருச் செய்த வாக்கியம். அது பாதி மெய்யே என்பது எமது துணிபு. அந்நிலையில் பனிக்கட்டி உருகத் தொடங்குதல் திண்ணம். நீர் உறைதலோ திண்ணமன்று.

இதனை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. நமது சோதனைச் சாலையில் மாணவர் ஒருவர், காய்ச்சி வடித்த நீரைக் கண்ணாடிக் குழாயில் இட்டு, உப்புக் கலந்த பனிக்கட்டியினுள் நிறுத்தி, அரை நிமிடத்திற்கொருமுறை வெப்பமானியைப் பார்த்துக் குறித்து வந்தார். இரசம் 0-ஐக் கடந்து −6 வரை இறங்கிற்று. நீரோ நீராகவே நின்றது. பின்னர்த் திடீரெனப் பனிப்படிகங்கள் தோன்ற, இரசம் 0-க்குத் தாவி ஏறியது. அவர் செய்தது யாது? கழித்தற்குறி இட்ட எண்களையெல்லாம் அழித்து, அவ்விடங்களில் 0 என்று எழுதினார். வினவியதற்கு, "மதிப்பெண் போய்விடும், ஐயா" என்றார். அவரைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. அவ்வச்சத்தை ஊட்டியவர்கள் ஆசிரியராகிய நாமன்றோ!

அவர் கண்டது புதுமையுமன்று. வெப்பமானிக்குப் பெயர்போன பாரன்ஹீட், மூடிய கண்ணாடிக் குமிழில் நீரை இட்டு இரவு முழுதும் கடுங்குளிரில் வைத்திருந்து, காலையில் அது உறையாதிருக்கக் கண்டு வியந்தார். அவருடைய அளவையில் 15 பாகை. நம் கணக்கில் ஏறத்தாழ −9. குமிழின் நுனியை ஒடித்ததும் உள்ளே பனி நிறைந்தது. மற்றொரு முறை, குமிழை ஏந்திச் செல்கையில் படியில் இடறினார். அவ்வதிர்ச்சியே நீரை உறையச் செய்தது. இவற்றை அவர் 1724-இல் வெளியிட்டார்.

நீர் உறைவதற்குக் குளிர் மட்டும் போதாது, வித்தொன்று வேண்டும். மிகச் சிறிய பனிக்கரு தோன்றினும், தன் புறப்பரப்பை அமைத்துக்கொள்ளும் செலவைத் தாங்கமாட்டாது கரைந்துபோகும். தூசோ கண்ணாடியின் கீறலோ இடங்கொடுத்தால் அது நிலைத்து வளரும். அத்தகைய இடமேதும் இல்லாத தூய நுண்துளிகள் ஏறக்குறைய −38 பாகை வரை நீராகவே இருக்கும்.

உறையத் தொடங்கியதும் இரசம் ஏறுவது ஏன்? ஒரு கிராம் நீர் உறையுங்கால் ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். −10 பாகையிலுள்ள நீரை 0-க்கு ஏற்றக் கிராமுக்குப் பத்துக் கலோரியே வேண்டும். ஆகவே எட்டில் ஒரு பங்கு உறைந்தவுடன் எஞ்சியது 0 பாகையை எய்திவிடும். உறைதலே நீரைச் சூடாக்குகின்றது என்றால் நம் மாணவர் நகைப்பர், கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

இன்னும் வியப்பானது ஒன்றுண்டு. பிற திரவங்கள் குளிரக் குளிர அடர்ந்து, அழுத்தத்திற்கு இசைந்து கொடாமல் இறுகும். நீரோ 4 பாகைக்குக் கீழே விரிகின்றது. உறைநிலைக்குக் கீழே செல்லச் செல்ல, அமுங்குந் தன்மையும் வெப்பங்கொள்ளுந் தன்மையும் விரைந்து மிகுகின்றன. 1976-இல் ஸ்பீடி, ஏஞ்சல் என்போர், அவ்வேற்றம் −45 பாகையை நோக்கி எல்லையின்றிப் போவதுபோற் காண்கிறது என்றனர். 1992-இல் பூல் முதலியோர், ஆழ்ந்த குளிரில் நீர் அடர்நீர், ஐதுநீர் என இருவகைத் திரவமாய்ப் பிரியக்கூடும் என்று கணிப்பொறி ஆய்வினின்று கூறினர். பல்லாண்டு கடும் வாதம் நிகழ்ந்தது. 2017-இல் நுண்துளிகளை எக்ஸ் கதிர் லேசரால் ஆராய்ந்தோர், அவ்வேற்றம் −44 பாகையருகே உச்சியடைந்து திரும்புவதைக் கண்டனர். எமது சார்பு இருவகைத் திரவக் கொள்கையின் பக்கமே. ஆயினும் இங்கு எம் வழக்கு அதுவன்று: 0 பாகைக்குக் கீழே நீரை நோக்க மறுத்திருந்தால், இவ்வினாக்களே பிறந்திரா.

மேகங்களில் இத்தகைய நீர் ஏராளம். விமானச் சிறகில் மோதியதும் அது பனியாய்ப் படிந்து இடர் விளைக்கும். 1946-இல் அமெரிக்காவில் ஷேபர் என்பவர், தம் மூச்சால் மேகம் உண்டாக்கிய குளிர்ப்பெட்டியில் உலர்பனித் துண்டொன்றை இட, எண்ணிறந்த பனிப்படிகங்கள் மின்னின.

எமது வேண்டுகோள் சிறியதே. வரும் ஆண்டின் செய்முறை ஏட்டில், "நீர் உறையும் நிலை" என்னும் தலைப்பை "பனி உருகும் நிலை" என மாற்றுக. குளிர்தல் அட்டவணையில் 0-க்குக் கீழும் பத்து வரிகள் விடுக. அவ்வரிகளை நிரப்பும் மாணவருக்கு மதிப்பெண் குறைத்தலாகாது.