பழைய வண்டியும் பந்தயப் பாதையும்

பழைமையானது என்ற காரணத்தால் ஒரு பொருளைப் பழுதென்று ஒதுக்குவதும், அதே காரணத்தால் அதனைத் தொடலாகாதென்று போற்றிப் பூட்டி வைப்பதும் அறிவுடையார் செயல்களல்ல. இவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்தும். மேனாடுகளில், பந்தயத்தைப் பிழைப்பாகக் கொள்ளாத பலர், இருபது முப்பது ஆண்டு கடந்த சிறு விளையாட்டு வண்டிகளை வாங்கித் தம் கையாலேயே பிரித்துப் புதுக்கி, விடுமுறை நாட்களில் பந்தயப் பாதைகளில் கட்டணம் செலுத்தி ஓட்டி மகிழ்கின்றனர். இது செல்வர்தம் வீண் பொழுதுபோக்கே என்பர் சிலர். முறையறிந்து செய்வார்க்கு இஃது ஒரு நற்கல்வி. முறை தவறினார்க்கோ உயிர்க்கேடு. இதுவே எனது துணிபு.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1922 முதல் 1939 வரை இங்கிலாந்தில் செய்யப்பெற்ற ஆஸ்டின் செவன் என்னும் சிற்றுந்து, நடுத்தர வருவாயினரும் வாங்கத்தக்க விலையில் கிடைத்தது. வயதான அவ்வண்டிகளை இளைஞர் பலர் மலிவாக வாங்கித் திருத்தியமைத்தனர். அவர்களுள் ஒருவரான காலின் சாப்மன் 1948-இல் பழைய ஆஸ்டின் ஒன்றைக்கொண்டு கட்டிய வண்டியே, பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற லோட்டஸ் வண்டிகளுள் முதலாவதாக எண்ணப்படுகின்றது. நியூஸிலாந்தில் புரூஸ் மக்லாரன் என்னும் சிறுவன் தன் தந்தையுடன் சேர்ந்து புதுக்கிய வண்டியும் ஆஸ்டின் செவன் வகையினதே. 1952-இல் அதனை ஓட்டிப் போட்டியிற் புகுந்த அவர், 1959-இல் தமது இருபத்திரண்டாம் வயதில் அமெரிக்கப் பெரும் பந்தயத்தில் வெற்றி பெற்றார். இவ்விருவர்க்கும் முதற் கல்விச்சாலை பழைய வண்டியேயன்றோ?

ஆயின், கல்வியென்றால் அதற்கு ஒரு முறையுண்டு. புதுக்க முற்படுவோருட் பலர் முதலில் நாடுவது எஞ்சினின் ஆற்றலைப் பெருக்குதலையே. இது தலைகீழான முறையென்பதை எடுத்துக்காட்டால் விளக்குவேன். 1989-இல் விற்பனைக்கு வந்த மஸ்தா எம்.எக்ஸ். 5 என்னும் ஜப்பானியத் திறந்த வண்டியை இத்துறையினர் பெரிதும் விரும்புவர். அதன் எடை ஏறத்தாழ 950 கிலோகிராம். எஞ்சினின் கொள்ளளவு 1.6 லிட்டர். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும் என்பது பௌதிகம் பயில்வோர் அறிந்ததே. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். வண்டியை நிறுத்துங்கால் அவ்வளவு ஆற்றலையும் பிரேக்கே வெப்பமாக மாற்றித் தாங்கவேண்டும். பிரேக்கிலுள்ள திரவமோ நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. நான்காந்தரத் திரவம் புதியதாயின் 230 பாகை சென்டிகிரேடுக்குக் குறையாத வெப்பத்தில் கொதிக்கவேண்டுமென்பது விதி. நீர் கலந்த நிலையில் அவ்வெல்லை 155 பாகையாகத் தாழ்கின்றது. திரவம் கொதித்து ஆவியானால், ஓட்டுநர் மிதிக்கும் மிதி தடையின்றித் தரைவரை அமிழும், வண்டியோ நில்லாது. ஆகவே திரவத்தையும், தேய்ந்த பட்டைகளையும், முதிர்ந்த குழாய்களையும் மாற்றாமல் எஞ்சினுக்கு வலிமை சேர்ப்பவன், கடிவாளமில்லாக் குதிரைக்குக் கொள்ளு வைப்பவனை ஒப்பான்.

பிரேக்கிற்கு அடுத்தபடி டயர்களும், சக்கரங்களைத் தாங்கும் உறுப்புக்களும் கவனிக்கற்பாலன. அவற்றின் மூட்டுக்களிலுள்ள ரப்பர் வயதினால் வெடித்தும் தளர்ந்தும் போகும். அப்பொழுது வளைவுகளிற் சக்கரம் தன் கோணத்தில் நில்லாது. பின்னர் நீரும் எண்ணெயும். நீண்ட வளைவில் எண்ணெய் தொட்டியின் ஒரு புறம் ஒதுங்குமாயின், பம்பு எண்ணெய்க்கு மாறாகக் காற்றை உறிஞ்சும். சில நொடிகளில் தாங்கிகள் தேய்ந்து எஞ்சின் பாழாகும். தொட்டியினுள் தடுப்புத் தகடு அமைப்பது இதற்குப் பரிகாரம். துருப்பிடித்த அடித்தட்டைச் செப்பனிடுதலும், திறந்த வண்டியாயின் கவிழுங்கால் தலையைக் காக்கும் எஃகு வளைவைப் பொருத்துதலும் விலக்கலாகாத கடமைகள். எடையைக் குறைத்தல் அதன்பின் வருவது. வேண்டாத விரிப்புக்களையும் உபரிச் சக்கரத்தையும் நீக்கின், செலவின்றியே வண்டி விரைந்து எழும், விரைந்து நிற்கும், எளிதில் திரும்பும். எஞ்சினைத் தொடுவது இவற்றிற்கெல்லாம் இறுதியிலேயே.

இனி மறுப்புக்களைக் காண்போம். பழம்பொருளைச் சிதைத்தல் தகுமோ என்பர். அரிதாக எஞ்சியுள்ள வண்டியாயின் அவ்வச்சம் நியாயமே. அதில் மீட்டும் பழைய நிலைக்குக் கொணரத்தக்க மாறுதல்களையே செய்து, கழற்றிய உறுப்புக்களைப் பேணி வைத்தல் வேண்டும். ஆயின் மேற்சொன்ன மஸ்தா வகை 2016-க்குள் பத்து லட்சம் செய்யப்பெற்றது. அவற்றுள் ஒன்றைத் திருத்துவதால் உலகிற்கு இழப்பில்லை. பொருட்செலவு மிகுதியென்பர். அதனை மறுக்கேன், உறுப்புக்களின் விலை வண்டியின் விலையை விஞ்சுவதுண்டு. எனவே கடன்பட்டு இதில் இறங்குவோனை நான் ஆதரிக்க மாட்டேன்.

அபாயம் உளதே என்பர். உளது. ஆஸ்டினில் தொடங்கிய அந்த மக்லாரனே 1970-இல் இங்கிலாந்திலுள்ள குட்வுட் பாதையில் புதிய பந்தய வண்டியொன்றைச் சோதிக்கையில், அதன் பின்புற மேற்கூடு கழன்றமையால் மாண்டார். தேர்ந்தவர்க்கும் நேரக்கூடியது தொடக்கக்காரர்க்கு நேராதென்று எண்ணுவது பேதைமை. ஆதலின் ஒவ்வொரு ஓட்டத்திற்கு முன்னும் ஒவ்வொரு திருகாணியையும் கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பந்தயப் பாதைக்கென அமைத்த வண்டியின் வேகத்தைப் பொதுச் சாலையிற் காட்டுதல் பிறர் உயிரைப் பணயம் வைத்தலாகும்; அதற்கு மன்னிப்பில்லை.

புத்தகத்தில் விதியைப் பயின்றவன் தேர்வுத்தாளில் தவறினால் மதிப்பெண்ணையே இழப்பான். திருகாணியை முடுக்கத் தவறியவனோ உயிரையே இழக்கக்கூடும். அவ்வுணர்வோடு, காண்பார் எவருமில்லாத கொட்டகையில், வெளியே தெரியாத உறுப்பையும் செவ்வனே செய்து முடிக்கும் நேர்மையே இப்பணி தரும் பெரும் பயன். வேகம் அதன்பின் வரட்டும்.