திறந்து பார்க்க வேண்டிய பெட்டி

ஐந்தாறு ஆண்டுகள் உழைத்த கணினி மெல்ல இயங்கத் தொடங்கியதும், "புதியது வாங்கிவிடலாம்" என்னும் பேச்சு வீட்டில் எழுகிறது. அது பெரும்பாலும் அவசரப் பேச்சு. தனித்தனியே கழற்றவும் மாற்றவும் கூடிய உறுப்புகளின் கூட்டே கணினி. சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது என்று மிதிவண்டியையே விற்பவர் உண்டா? பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து, வாடகையையும் பள்ளிச் செலவையும் கணக்கிட்டு வாழும் குடும்பங்களுக்கு இது சிறிய செய்தி அன்று.

பழைய கணினிகள் பலவற்றின் நோய் வன்தட்டில்தான் இருக்கிறது. அதனுள் காந்தப் பூச்சுடைய வட்டு நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கிறது. அதன்மேல் ஒரு சிறு முனை நகர்ந்து நகர்ந்து தரவைத் தேடிப் படிக்கிறது. செயலி எவ்வளவு விரைவானதாயினும் அந்த முனைக்காகக் காத்துக் கிடக்கத்தான் வேண்டும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டில் சுழலும் பகுதி எதுவும் இல்லை. வன்தட்டுக்கு மாற்றாக அதைப் பொருத்தினால், எழுந்து நிற்கச் சில நிமிடங்கள் எடுத்த கணினி அரை நிமிடத்தில் ஆயத்தமாவதைப் பல வீடுகளில் காணலாம். பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளுள் இதற்கு இணையானது வேறில்லை.

அடுத்தது நினைவகம், அதாவது ராம். இங்கே வாங்குவோர் ஏமாறுவது எளிது. மேசைக்கணினிக்குரிய டி.டி.ஆர்.3 தகட்டில் 240 தொடுமுனைகள்; டி.டி.ஆர்.4 தகட்டில் 288. நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. தாய்ப்பலகை எவ்வகையை ஏற்கும் என்று அறியாமல் கடைக்குச் செல்வது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்கச் செல்வதற்குச் சமம்.

சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, கொச்சிக்குப் பென்டா மேனகா அப்படி. கலூரிலிருந்து அது தொலைவிலும் இல்லை. சண்முகம் சாலையில், மரைன் டிரைவை ஒட்டி இருக்கிறது. (1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாகவும், பின்னர் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராகவும் விளங்கிய கோயம்புத்தூர்த் தமிழர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் பெயரையே அச்சாலை தாங்கி நிற்கிறது.) கணினியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்தவர் எந்தக் கடையிலும் கேள்வி கேட்பார். அறியாதவர், "மதர்போர்டு போய்விட்டது" என்ற ஒரே சொல்லுக்குப் பணப்பையைத் திறந்துவிடுவார்.

கடைக்குப் போகவே தேவையில்லாத பழுதுகளும் உண்டு. கொச்சியின் மழைக்கால ஈரமும் கடற்காற்றும் நினைவகத் தகட்டின் பொன்னிறத் தொடுமுனைகளில் மெல்லிய படலத்தைப் படியச் செய்யும். திரை இருண்டு கிடக்கும். கணினி பீப் ஒலி மட்டும் எழுப்பும். மின்கம்பியைப் பிடுங்கி, தகட்டைக் கழற்றி, தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து மீண்டும் பொருத்தினால் பலமுறை உயிர் திரும்பிவிடும். ஐப்பசி மாலைகளில் இடி முழங்கும்போது மின்கம்பியோடு இணையக் கம்பியையும் கழற்றி வைப்பது, பின்னால் வரும் பெருஞ்செலவைத் தடுக்கும்.

துணிவுக்கும் எல்லை உண்டு. எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டியை யாரும் வீட்டில் திறக்கக் கூடாது. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். உப்பிய மடிக்கணினி மின்கலமும் அப்படியே.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 பல பழைய கணினிகளை ஏற்பதில்லை. அதனாலேயே அவை குப்பை ஆகிவிடுமா? கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில் பல்லாண்டுகளாகக் குனு லினக்ஸ் இயங்குதளமே ஓடுகிறது; பிள்ளைகள் அதில்தான் பாடம் படிக்கின்றனர். தமிழ்த் தட்டச்சுக்கும் அதில் தடையில்லை.

புதிய கணினி வாங்கியே தீர வேண்டிய நிலையும் வரும். அப்போது நிறத்தையும் மெலிவையும் பார்ப்பதற்கு முன், நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். பற்றவைத்ததைப் பிற்காலத்தில் பெருக்குவது அரிது.

இவற்றையெல்லாம் ஏட்டில் படிப்பதைவிடக் கையால் தொட்டு அறிவதே நன்று. "தொடாதே, கெட்டுவிடும்" என்று வளர்க்கப்படும் பிள்ளை எப்படித் தொட்டு அறியும்? பள்ளிகளில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்படும் கணினிகளுள் ஒன்றையாவது, ஏலத்திற்கு அனுப்புமுன் எட்டாம் வகுப்பு மேசைமீது வைக்கலாம். ஆசிரியர் பக்கத்தில் நிற்கப் பிள்ளைகள் கழற்றிப் பூட்டலாம். வீடுகளில் அண்ணன் கழற்றத் தங்கை விளக்குப் பிடிப்பதே வழக்கமாக இருப்பதால், அங்கே திருப்புளியை முதலில் பெண்பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டும்.