அடுத்த வீட்டுக் கையெழுத்து

சென்ற மாதம் ஒரு பிற்பகலில் எங்கள் துறை மாணவி ஒருத்தி கலங்கிய முகத்தோடு வந்து நின்றாள். கல்விக் கடன் தொடர்பாக அவளது தந்தையின் பெயருக்கு வங்கி அனுப்பிய அஞ்சல் ஒன்று வந்திருக்கிறது. கையொப்பம் பெற்றுக்கொண்டு வழங்க வேண்டிய அஞ்சல். வீடு பூட்டியிருந்ததால் எதிர்வீட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் அஞ்சல்காரர். எதிர்வீட்டு அம்மா அதைத் தம் மகனிடம் கொடுத்தனுப்ப, அவன் தன் பைக்குள் வைத்தபடியே மறந்துபோனான். பதினேழு நாள் கழித்துக் கடிதம் கைக்கு வந்தபோது, பதில் தருவதற்கென்று அதில் குறித்திருந்த 15 நாள் கெடு முடிந்துவிட்டிருந்தது. வங்கியில் கேட்டால், அஞ்சல் உரிய நாளில் வழங்கப்பட்டதாகக் கணினி காட்டுகிறது என்கிறார்கள்.

“இதை யாரிடம் போய் முறையிடுவது ஐயா?” என்று கேட்டாள். உடனே என்னால் பேச முடியவில்லை. அதே கேள்வியை 2009ஆம் ஆண்டில் எனக்கு நானே கேட்டுக்கொண்டவன் நான்.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு வளவு வீட்டில் குடியிருந்தேன். தொகுப்பூதியத்தில் பாடம் நடத்திக்கொண்டே நிரந்தரப் பணிக்காக ஊர் ஊராக விண்ணப்பித்துக்கொண்டிருந்த காலம். வளவில் ஆறு வீடுகள். எனக்கு எதிர்வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார். நேர்காணலுக்கு அழைக்கும் பதிவு அஞ்சல் வந்த அன்று நான் கல்லூரியில் இருந்தேன். அஞ்சல்காரர் வளவுக்கு நெடுநாள் பழக்கமானவர். ஆச்சியிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆச்சி அதைப் பத்திரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அன்று மாலையே மகளுக்கு வலி கண்டுவிட்டதென்று செய்தி வர, தூத்துக்குடிக்குப் புறப்பட்டுப் போனார். திரும்பி வந்தது பன்னிரண்டாம் நாள். நேர்காணல் முடிந்து மூன்று நாளாகியிருந்தது.

அந்தக் கல்லூரியின் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். ‘ஒப்புகை அட்டை கையொப்பத்தோடு எங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது, நீங்கள்தான் வரவில்லை’ என்றார்கள். அது என் கையொப்பம் இல்லை என்று சொன்னேன். ‘அதை நாங்கள் எப்படி அறிவோம்?’ என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

‘முக்கியமான கடுதாசியா தம்பி?’ என்று ஆச்சி கேட்டார். பேரன் பிறந்த மகிழ்ச்சியில் இருந்தவரிடம் என்ன சொல்வது? ‘இல்ல ஆச்சி, ஏதோ புத்தக விளம்பரம்’ என்றேன். நான் எழுத்தறியாதவரை ஏமாற்றவில்லை. உறையின் மீது கல்லூரியின் முத்திரை இருந்ததை அவரும் பார்த்திருந்தார். அதன் பிறகு அவர் என் கண்ணை நேராகப் பார்த்துப் பேசுவது குறைந்தது. அந்த வளவை விட்டு நான் வெளியேறும் வரை இருவருக்கும் இடையில் அந்தக் கடிதம் கிடந்தது.

இதில் குற்றவாளி யார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அஞ்சல்காரர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்தே அப்படிச் செய்தார். ஆச்சியும் அப்படியே. இருவருடைய நல்லெண்ணமும் சேர்ந்து, ‘இன்ன நாளில் இவர் பெற்றுக்கொண்டார்’ என்ற ஒரு பொய்யான சான்றை உண்டாக்கிவிட்டது. இந்தச் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். சாதாரணக் கடிதத்தை அடுத்த வீட்டில் கொடுத்தால், கைமாறுவது ஒரு காகிதம் மட்டுமே. கையொப்பம் வாங்கிக் கொடுக்கும்போது காகிதத்தோடு ஒரு பொறுப்பும் கைமாறுகிறது. அந்தப் பொறுப்பின் கனம் வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. யாருடைய பெயரால் வாங்குகிறாரோ அவருக்கும் தெரிவதில்லை.

சட்டம் இந்தக் கையொப்பத்தை எவ்வளவு மதிக்கிறது என்பதை நாம் பெரும்பாலும் அறிவதில்லை. 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 27ஆம் பிரிவில், சரியான முகவரியிட்டு, உரிய கட்டணம் செலுத்திப் பதிவு அஞ்சலில் அனுப்பிய ஆவணம், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, வழக்கமாகச் சேரும் காலத்தில் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. அதாவது, சேரவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை பெறுநரின் தலைமேல் விழுகிறது. காசோலை வழக்குகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவுப்படி, அறிவிப்பைப் பெற்ற நாளிலிருந்து 15 நாளுக்குள் பணத்தைச் செலுத்தத் தவறினால் அது குற்றமாகிறது. அந்த 15 நாளை எண்ணத் தொடங்குவது ‘பெற்ற நாள்’ என்ற ஒரு சொல்லிலிருந்துதான். அறிவிப்பு கிடைக்கவில்லை என்பவர் நீதிமன்ற அழைப்பாணை கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைச் செலுத்தி மீளலாம் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. ஆனாலும் எதிர்வீட்டில் உறங்கிய ஒரு கடிதத்துக்காக நீதிமன்றப் படியேறும் நிலை வருவதே எத்தனை பெரிய தண்டனை!

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பு இந்த இடத்தில் கவனமாக நடந்துகொண்டிருக்கிறது. பிரதிவாதி வீட்டில் இல்லாதபோது அழைப்பாணையை அவரோடு வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுக்கலாம் என்கிறது. அதே இடத்தில், வேலையாள் குடும்ப உறுப்பினர் ஆகார் என்றும் விளக்குகிறது. வாங்க யாருமே இல்லையென்றால் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாமாம். அடுத்த வீட்டாருக்கு அங்கே இடமே இல்லை. அடுத்த வீட்டு மனிதரைவிட நம் வீட்டுக் கதவே மேல் என்று சட்டம் கருதியதாக இதைக் கேலியாகச் சொல்லலாம். ஆனால் கதவு ஊருக்குப் போகாது, மறக்காது, பிரித்துப் பார்க்காது.

பிரித்துப் பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறையைப் பிரிக்க வேண்டிய தேவைகூட இல்லை. அனுப்புநர் முகவரியே பல கதைகளைச் சொல்லிவிடும். குடும்ப நல நீதிமன்றத்திலிருந்தோ, வழக்கறிஞரிடமிருந்தோ, நகை அடகுக் கடனை நினைவூட்டும் வங்கியிலிருந்தோ வரும் உறையைத் தெருவில் யார் வாங்கி வைக்கிறார் என்பது சிறிய செய்தியன்று. குடியிருப்பவருக்கு வந்த அறிவிப்பை, அவரோடு வாடகைப் பிணக்கில் இருக்கும் வீட்டு உரிமையாளரே கையொப்பமிட்டு வாங்கிவைத்த நிகழ்வையும் நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

தூது என்பதைத் தனிச் சிற்றிலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்த மொழி நம்முடையது. திருக்குறள் பொருட்பாலில் தூதுக்கென ஓர் அதிகாரமே வைத்திருக்கிறது. அன்னம், மேகம், நெஞ்சு, தமிழ் என்று எதையெல்லாமோ நம் புலவர்கள் தூதனுப்பினார்கள். நான் படித்த எந்தத் தூதிலும், ‘அவர் இல்லையென்றால் அடுத்த வீட்டில் சொல்லிவிட்டு வா’ என்று யாரும் சொல்லியனுப்பியதில்லை. உரியவரிடம் சென்று சேராத தூது, தூதாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அஞ்சல்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் பெருகிவிட்டன. பகல் பொழுதில் கதவு திறந்திருக்கும் வீடுகளைத் தேட வேண்டியிருக்கிறது. மின்தூக்கி இல்லாத குடியிருப்பின் நான்காம் மாடிக்கு ஒரே கடிதத்துக்காக இரண்டு மூன்று நாள் ஏறியிறங்கும் மனிதரை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். பெறுநர்களில் பலரும், ‘எதிர்வீட்டில் கொடுத்திருக்கலாமே, என்னை ஏன் அஞ்சல் நிலையத்துக்கு அலைக்கழிக்கிறீர்கள்?’ என்று அவரிடம் சண்டையிடுகிறவர்களே. நாம் கேட்ட வசதியைத்தான் அவர் பழக்கமாக்கிக்கொண்டார்.

ஆயினும் விதி தெளிவாகவே இருந்தது. வீடு பூட்டியிருந்தால் அறிவிப்புச் சீட்டை வைத்துவிட்டு, பதிவு அஞ்சலை 7 நாள் அஞ்சல் நிலையத்தில் காத்துவைக்க வேண்டும். வரவில்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். ‘வீடு பூட்டியிருந்தது’ என்ற குறிப்போடு திரும்பிப் போகும் கடிதமும் ஒரு செய்தியைச் சொல்கிறது. அது உண்மையான செய்தி. அது அனுப்பியவரிடம் சேர்ந்திருந்தால், அந்தக் கல்லூரி எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது தந்திருக்கக் கூடும்.

2025 செப்டம்பர் முதல் பதிவு அஞ்சல் தனிச் சேவையாக இல்லாமல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. பதிவு அஞ்சல் பெறுநருக்கு உரியது. விரைவு அஞ்சலோ முகவரிக்கு உரியதாக நடந்து வந்தது. இந்த வேறுபாடு மறைந்துவிடுமோ என்று அப்போது அஞ்சினேன். 2025 அக்டோபர் முதல், விரைவு அஞ்சலோடு வரி நீங்கலாக 5 ரூபாய் கூடுதலாகச் செலுத்திப் ‘பதிவு’ வசதியைப் பெறலாம் என்று அஞ்சல் துறை அறிவித்தது. அப்படிப் பதிவு செய்த அஞ்சலைப் பெறுநரிடமோ, அவர் முறையாக அதிகாரம் அளித்தவரிடமோ மட்டுமே வழங்க வேண்டும். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைச் சொன்னால்தான் வழங்குவது என்ற இன்னொரு வசதியும் அதே கட்டணத்தில் உண்டு.

‘அதிகாரம் அளித்தவர்’ என்ற சொல்லில்தான் தீர்வு அடங்கியிருக்கிறது. ஆச்சியின் மேல் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது. வீட்டுச் சாவியே அவரிடம்தான் இருந்தது. ஆனால் என் பெயரால் கையொப்பமிடும் அனுமதியை நான் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை, அவரும் கேட்டிருக்கவில்லை. நம்பிக்கையை அனுமதியாக எடுத்துக்கொள்வதுதான் நம் ஊர்ப் பழக்கம். அடுத்த வீட்டாரை நம்பும் பண்பை நான் இழக்க விரும்பவில்லை. அதனாலேயே சொல்கிறேன்: யாரிடம் கொடுக்கலாம் என்பதை எழுத்தில் அஞ்சல் நிலையத்தில் கொடுத்துவைப்போம். அப்படி எழுதித் தராத இடத்தில் அஞ்சல்காரர் சீட்டை வைத்துவிட்டுப் போகட்டும். அடுத்த வீட்டுக்கு வந்த அஞ்சலுக்கு நம்மிடம் கையொப்பம் கேட்டால், ‘அவரிடமே கொடுங்கள் ஐயா’ என்று சொல்லப் பழகுவோம். அது அன்பில்லாத செயல் ஆகாது.

மாணவிக்கு நான் சொன்னது இதுதான். அஞ்சலின் எண்ணைக் குறிப்பிட்டு, யார் கையொப்பமிட்டார் என்ற விவரம் கேட்டு அஞ்சல் நிலையத்தில் எழுத்தில் முறையிட வேண்டும். எதிர்வீட்டு அம்மாவோடு சண்டையிடக் கூடாது. எந்த நாளில் வாங்கினார், எந்த நாளில் கைமாற்றினார் என்பதை அவரிடமே எழுதி வாங்கி, அதன் நகலை வங்கிக்குக் கொடுக்க வேண்டும். ‘மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி’ என்று சட்டம் விட்டுவைத்திருக்கும் சிறிய வாசல் அதுதான். அதைத் திறக்க அந்த அம்மாவின் உதவி தேவை.

அவள் தயங்கினாள். “எழுதிக் கேட்டால் அவர்கள் மனம் புண்படாதா ஐயா?” என்றாள்.

புண்படக் கூடும். ஆனாலும் உள்ளதைச் சொல்லிக் கேட்பதே நல்லது என்றேன். நான் ஆச்சியிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.