மைக்குக்கும் முதுகு உண்டு!

கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் கச்சேரி. பாட்டு என்னவோ பிரமாதம்தான். வீட்டுக்கு வந்து ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டால், பாடகரின் குரல் எங்கோ தூரத்தில் ஒலிக்கிறது. பந்தியில் பாத்திரம் உருளும் சத்தமும், பக்கத்து நாற்காலிக்காரரின் குடும்ப விவகாரமும்தான் பளிச்சென்று கேட்கின்றன. உடனே, “மைக் சரியில்லை, இன்னும் விலை கூடினதா வாங்கணும்” என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். ஆனால், பல நேரங்களில் கோளாறு விலையில் இல்லை; திசையில் இருக்கிறது.

நம் காதும் மூளையும் சேர்ந்து, எத்தனை இரைச்சலிலும் வேண்டிய குரலைப் பிரித்தெடுத்துவிடும். மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. எந்தத் திசையில் கூர்மையாகக் கேட்க வேண்டும், எந்தத் திசையில் மந்தமாக இருக்க வேண்டும் என்பது அதன் அமைப்பிலேயே முடிவாகிவிடுகிறது. இதற்குப் பெயர்தான் ‘போலார் பேட்டர்ன்’.

என்னென்ன வகைகள்?

ஓம்னி: எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும். அமைதியான அரங்குக்கு அருமையானது, சந்தடிக்கு ஆகாது.

கார்டியாய்டு: முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் குறையும், நேர் பின்னால் ஏறக்குறைய கேட்கவே கேட்காது. படமாக வரைந்தால் இதய வடிவில் இருக்கும் என்பதால் இந்தப் பெயர். மேடைகளில் அடிக்கடி கண்ணில் படும் ஷூர் எஸ்.எம்.58, 1966-ல் வந்தது. அது இந்த வகைதான்.

சூப்பர் கார்டியாய்டு, ஹைப்பர் கார்டியாய்டு: பக்கவாட்டுச் சத்தத்தை இன்னும் அதிகமாகக் குறைக்கும். ஆனால், நேர் பின்னால் கொஞ்சம் காது திறந்திருக்கும்.

ஃபிகர் எய்ட்: முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும், இரண்டு பக்கமும் கேட்காது. பாடகர் முன் வைத்தால் பக்கவாத்தியச் சத்தம் குறையும்தான். ஆனால், பின்பக்கம் சபையைப் பார்த்திருக்குமே! கூட்டம் பேசுவதெல்லாம் பதிவாகிவிடும்.

சத்தத்துக்கு முதுகைக் காட்டுங்கள்

மைக்கைப் பாடகரை நோக்கித் திருப்புவது எல்லோருக்கும் தெரியும். அதன் காது கேளாத பக்கம் எதை நோக்கியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. கார்டியாய்டுக்கு அந்த இடம் நேர் பின்னால். எனவே, இரைச்சல் பின்னாலிருந்து வந்தால் அதுவே போதும். சூப்பர் கார்டியாய்டுக்கு அந்த இடம் முன்பக்கத்திலிருந்து சுமார் 125 டிகிரியில், இரு பக்கமும். ஹைப்பருக்குச் சுமார் 110 டிகிரியில். ஜெனரேட்டரோ, சமையற்கட்டு வாசலோ, மானிட்டர் ஸ்பீக்கரோ பின்பக்கமாக ஓரத்தில் இருந்தால் இவை கைகொடுக்கும். அந்த ஸ்பீக்கரையே மைக்குக்கு நேர் பின்னால் வைத்தால் வந்தது வினை, ‘கீ...’ என்று ஊளையிட ஆரம்பித்துவிடும்.

கிட்டப் போவதே முதல் வைத்தியம்

எதிரொலிக்கும் மண்டபத்தில், ஓம்னி மைக்கை ஓர் அடி தூரத்தில் வைத்தால் கிடைக்கும் தெளிவு, கார்டியாய்டில் 1.7 அடி வரையிலும், ஹைப்பரில் 2 அடி வரையிலும் கிடைக்கும். அவ்வளவுதான் லாபம்! 30 அடி தள்ளிக் கடைசி வரிசையில் நிற்கும் ஹைப்பர், 15 அடியில் இருக்கும் ஓம்னிக்குத்தான் சமம். நீளமான ஷாட்கன் மைக் வெட்டவெளியில் நன்றாக வேலை செய்யும். சுவர்கள் எதிரொலிக்கும் மண்டபத்தில் அதன் ஜம்பம் அவ்வளவாகப் பலிக்காது. மைக்கை மாற்றும் முன் இடத்தை மாற்றுங்கள்.

ரொம்பவும் ஒட்டினாலும் சிக்கல். திசை பார்த்துக் கேட்கும் மைக்குகள், அருகே வரும் குரலின் அடித்தொனியைத் தூக்கிக் காட்டும். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கோயில் திருவிழா போன்ற திறந்தவெளிக் கச்சேரியில் காற்றின் ‘புஸ்’ சத்தமும் இவற்றில்தான் அதிகம் விழும். ஸ்பாஞ்ச் உறையை மறக்க வேண்டாம்.

மூடாதீர்கள்

கார்டியாய்டு வகை மைக்கில் முன்புறம் போலவே பின்புறத் துளைகளும் முக்கியம். அவற்றின் வழியே நுழையும் ஒலியால்தான் பின்பக்கச் சத்தம் அடிபட்டுப்போகிறது. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலோ, அழகுக்கு என்று துணி, பூச்சரம் சுற்றினாலோ அந்தத் துளைகள் அடைபட்டு, அது ஓம்னி போலவே நடந்துகொள்ளும்.

மொபைலில் பதிவு செய்பவர்களுக்கு

சட்டையில் மாட்டும் சின்ன மைக்குகளில் பெரும்பாலானவை ஓம்னி வகைதான். பாடகரின் நெஞ்சருகே இருந்தால் நல்லது. பார்வையாளர் கையில் இருந்தால் பயனில்லை. முடிந்தால் மைக்செட்காரரிடம் கேட்டு, மிக்ஸரிலிருந்து ஒரு லைன் வாங்குங்கள். கூடவே சபையில் ஒரு மைக்கையும் வைத்தால் கைத்தட்டலும் மண்டபத்தின் உயிர்ப்பும் கிடைக்கும்.

கச்சேரிக்கு முன் ஒரு நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுவிடுங்கள். மைக்கை மெல்லத் திருப்பி, இரைச்சல் எந்தக் கோணத்தில் அடங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு கம்ப்யூட்டரில் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். குரலோடு கலந்த சத்தத்தைச் சுரண்டினால் குரலிலும் கொஞ்சம் போய்விடும். பேத்தியின் அரங்கேற்றமோ, எண்பது வயதுத் தாத்தா பாடும் ஒரே ஒரு பாட்டோ, இன்னொரு முறை வாய்க்காது.