எண்மி வேறு, எழுத்து வேறு

கணினி எழுத்தறியாது, எண்ணே அறியும். சுழியமோ ஒன்றோ ஆகிய நுண்மிகள் எட்டுக் கூடிய அலகை மேலையர் 'பைட்டு' என்பர். எட்டன் கூட்டாதலின் அதனை எண்மி எனத் தமிழில் வழங்குதல் தகும். பாட்டாயினும் படமாயினும், கோப்பு என்பது எண்மிகளின் நெடுவரிசையே.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தெனிசு இரிட்சி ஆக்கிய 'சி' மொழியில், கோப்பினை ஒவ்வோர் எண்மியாகப் படிக்க 'எப்கெட்சி' என்னும் கட்டளையும், எழுத 'எப்புட்சி' என்னும் கட்டளையும் உள. படித்ததை அவ்வாறே எழுதினால் ஊறொன்றும் இல்லை. தமிழ்க் கோப்பும் பழுதின்றிப் படியாகும். எண்மியையே எழுத்தென மயங்குமிடத்தில்தான் கேடு தொடங்குகிறது. அம்மொழி எண்மிக்கு இட்ட பெயரே எழுத்து எனப் பொருள்படும் 'கேரக்டர்' என்பதன் குறுக்கம். பெயரிலேயே மயக்கம் புகுந்துவிட்டது!

ஆங்கிலத்திற்கு அதனால் இழப்பில்லை. அதன் பெரிய 'ஏ' 65 என்னும் ஒரே எண்மியுள் அடங்கும். தமிழோ, உலகெங்கும் இன்று வழங்கும் யுடிஎப்-8 முறையில், அகரத்திற்கே 224, 174, 133 என மூன்று எண்மிகளைக் கொள்கிறது. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குகுறிக்கு ஐந்து குறி. கோப்பிலோ பதினைந்து எண்மி.

இதனால் விளையும் தீங்கைக் காண்க. 'கயல்விழி' ஐந்தே எழுத்து. ஆயினும் இருபது எண்மியில் கத்தரிக்கும் நிரல் அப்பெயரைக் 'கயல்வி' ஆக்கி, இறுதியில் உடைந்த குறியொன்றையும் தொங்கவிடும். பத்தெழுத்தால் ஆங்கிலத்தில் எழுதிய அதே பெயர் முழுமையாய் நிற்கும். பிழை தமிழினதா? அன்று, நிரலினது.

தீர்வு அரிதன்று. முதலெண்மி 224 எனின் பின்னிரண்டு தொடரும். தொடர்வன 128க்கும் 191க்கும் இடைப்பட்டவை. ஆகவே குறியின் எல்லையை நிரலே கண்டுகொள்ளும். பின்னர்ப் புள்ளியையும் உயிர்க்குறியையும் முன்னுள்ள மெய்யோடு சேர்த்து எண்ணினால் எழுத்து முழுமை பெறும். தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குகுறியோடு ஏற்ற அனைத்தெழுத்துக் குறிமுறை ஒவ்வோர் எழுத்திற்கும் தனிக்குறி தருகிறது. அதிலும் ஓரெழுத்திற்கு ஈரெண்மி வேண்டும். எம்முறையிலும் எண்மி எழுத்தாகாது.

நிரல் எழுதும் தமிழிளைஞர் இதனை முதற்பாடமாகக் கொள்க. ஆங்கிலச் சொல்லிட்டுத் தேர்ந்த நிரல் தேர்ந்ததன்று. புள்ளியும் உயிர்மெய்யும் விரவிய தமிழ்ச்சொல்லிட்டுத் தேர்க. எண்மியை எண்ணுவது பொறியின் வேலை. எழுத்தைக் காப்பது தமிழர் கடன்.