புகைபோக்கி இல்லாத நிறுவனங்களின் காபன் கணக்கு

சீமெந்துத் தொழிற்சாலையோ அனல் மின்நிலையமோ சூழலுக்கு இழைக்கும் தீங்கைக் கண்ணால் காணலாம். வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு, கணினி மென்பொருள் போன்ற சேவைகளை விற்கும் நிறுவனங்களுக்குப் புகைபோக்கி கிடையாது. இதனாலேயே இவை நீண்டகாலமாகச் சூழலியலாளர்களின் கண்டனத்திற்கு அதிகம் ஆளாகாமல் தப்பி வந்தன. எனினும், அமெரிக்காவின் மைக்ரோசொப்ட் நிறுவனம் தன்னைத் தானே அளந்து வெளியிட்டுவரும் அறிக்கைகள் இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைக் காட்டுகின்றன.

2030 ஆம் ஆண்டளவில் தான் வெளியேற்றும் காபனிலும் பார்க்கக் கூடுதலான காபனை வளிமண்டலத்திலிருந்து அகற்றுவதாக 2020 ஜனவரியில் அந்நிறுவனம் உறுதியளித்தது. 1975 இல் தான் ஆரம்பிக்கப்பட்டதிலிருந்து சேர்ந்த வெளியேற்றம் முழுவதையும் 2050 க்குள் அகற்றிவிடுவதாகவும் அது கூறியது. ஆனால், 2024 இல் வெளியான அறிக்கையோ 2020 உடன் ஒப்பிடுகையில் மொத்த வெளியேற்றம் 29 சதவீதம் அதிகரித்திருந்ததை ஒப்புக்கொண்டது.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, கணக்கிடும் முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். 2001 இல் உலக வளங்கள் நிறுவகமும் நிலைபேறான அபிவிருத்திக்கான உலக வர்த்தக சபையும் இணைந்து வெளியிட்ட பச்சைவீட்டு வாயு நெறிமுறை, வெளியேற்றங்களை மூன்றாக வகுக்கிறது. நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருள் முதலாவது வகை. விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது. வாங்கும் பொருட்கள், கட்டடங்கள், ஊழியர்களின் பயணங்கள், விற்ற பொருள் பாவிக்கப்படும்போது செலவாகும் மின்சாரம் என ஏனைய யாவும் மூன்றாவது. மைக்ரோசொப்ட்டின் முதலிரு வகைகளும் சுமார் 6 சதவீதத்தால் குறைந்தன. மூன்றாவது வகையோ ஏறத்தாழ 31 சதவீதத்தால் பெருகியது. மொத்தக் கணக்கில் 96 சதவீதத்திற்கும் அதிகமானது இந்த மூன்றாவது வகையே. தரவு மையங்களைக் கட்டுவதற்கான கொங்கிறீட்டும் உருக்கும் அவற்றினுள் இயங்கும் சில்லுகளுமே இதற்கு முக்கிய காரணங்கள்.

குறைந்ததாகக் கூறப்படும் இரண்டாவது வகையும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதல்ல. மின்சாரத்தின் காபனை இரு விதமாகக் கணக்கிட நெறிமுறை இடமளிக்கிறது. நிறுவனம் இயங்கும் பிரதேசத்தின் மின்வலையமைப்பில் உண்மையாக எரிக்கப்படும் எரிபொருளைக் கொண்டு கணக்கிடுவது ஒன்று. நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தங்களையும் வாங்கிய பசுமைச் சான்றிதழ்களையும் கொண்டு கணக்கிடுவது மற்றையது. 2023 நிதியாண்டில் முதலாவது முறையின்படி மைக்ரோசொப்ட்டின் மின்சாரக் கணக்கு சுமார் 8 மில்லியன் தொன். இரண்டாவது முறையின்படி 4 இலட்சம் தொன்னுக்கும் குறைவு. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே மின்சாரம். விடைகள் மட்டும் இருபது மடங்கு வேறுபடுகின்றன! நண்பகலில் எங்கோ ஒரு மாநிலத்தில் உற்பத்தியான சூரிய மின்சாரத்திற்கான சான்றிதழைக் காட்டி, நள்ளிரவில் வேறொரு மாநிலத்தில் எரிந்த நிலக்கரியை மறைத்துவிட முடிகிறது.

கூகுளின் நிலையும் இதுவே. 2019 க்கும் 2023 க்கும் இடையில் தனது வெளியேற்றம் 48 சதவீதத்தால் உயர்ந்ததாக அது அறிவித்தது. தரவு மையங்களின் சுமையைத் தாங்கும் நாடுகளில் அயர்லாந்து முக்கியமானது. 2023 இல் அந்நாட்டில் அளவிடப்பட்ட மின்நுகர்வில் 21 சதவீதம் இம்மையங்களுக்கே சென்றது. நகர்ப்புற வீடுகள் அனைத்தும் சேர்ந்து நுகர்ந்தது 18 சதவீதம் மாத்திரமே.

எனினும், மைக்ரோசொப்ட்டைக் கண்டிப்பதோடு நின்றுவிடுவது நியாயமாகாது. 2012 முதல் அது தனது சொந்தப் பிரிவுகளிடமிருந்தே காபன் கட்டணம் அறவிட்டு வருகிறது. 2025 அறிக்கையின்படி, 2020 இலிருந்து அதன் சக்தி நுகர்வு 168 சதவீதம் பெருகியபோதிலும் வெளியேற்றம் 23 சதவீதமளவிலேயே கூடியிருந்தது. எனவே முயற்சி எதுவும் நடைபெறவில்லை எனக் கூறுவதற்கில்லை. ஆனால் வளிமண்டலம் சதவீதங்களை அறியாது. சேரும் தொன்களின் தொகையே அதற்குக் கணக்கு. மேலும், மூன்றாவது வகையை வெளியிடுவதாலேயே இந்நிறுவனம் விமர்சனத்திற்குள்ளாகிறது. வெளியிடாத நிறுவனங்களோ நிம்மதியாக உறங்குகின்றன.

மின்சாரம் நுகரப்படும் அதே மணித்தியாலத்திலும் அதே வலையமைப்பிலும் உற்பத்தியான பசுமை மின்சாரத்தையே கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற திருத்தம் 2025 ஒக்டோபரில் பொதுமக்களின் கருத்துக்காக முன்வைக்கப்பட்டது. செலவு அதிகரிக்கும் என எதிர்ப்புத் தெரிவிக்கும் பெருநிறுவனங்களும் உள்ளன. செலவு கூடும் என்பது உண்மையே. ஆயினும், மலிவான கணக்கு பிழையான கணக்காக இருக்குமாயின் அதனால் யாருக்குப் பயன்?

இவ்விவகாரம் அமெரிக்காவுடன் முடிந்துவிடுவதில்லை. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் சர்வதேச நியமங்களைத் தழுவி வெளியிட்ட நிலைபேறு அறிக்கையிடல் நியமங்கள் 2025 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நடைமுறைக்கு வந்தன. கொழும்புப் பங்குச் சந்தையின் 100 பெரிய நிறுவனங்கள் இதற்கு முதலில் உட்படுகின்றன. இவற்றுள் வங்கிகளும் அடங்கும். வங்கிக் கிளையொன்றின் குளிரூட்டிக்கு நுரைச்சோலையின் நிலக்கரியிலிருந்து வரும் மின்சாரத்தை அளவிடுவது எளிது. கட்டணப் பட்டியலே போதும். ஆனால் அதே வங்கி கடன் வழங்கிய ஹோட்டலும் தொழிற்சாலையும் வெளியேற்றும் காபன் மூன்றாவது வகையைச் சேர்ந்தது. சர்வதேச நியமம் முதலாண்டில் அவ்வகையை வெளியிடாதிருக்கச் சலுகை அளிக்கிறது. வங்கியொன்றின் காபன் கணக்கில் மிகப் பெரும் பகுதி இருப்பதோ அங்கேதான்.